நூறாம் நாளும் நூற்று முப்பதாம் நாளும்

மேடைகளிலும் மலர்களிலும் அஹ்மத் இப்னு மாஜிதின் பெயர் எடுக்கப்படும்போதெல்லாம், நிழல்போல் ஒரு வாக்கியமும் அதனைத் தொடர்ந்து வருகிறது. வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவின் வழியைக் காட்டியவர் ஒரு முஸ்லிம் மாலுமி என்பதே அது. சொல்பவர் பெருமிதத்தோடு சொல்கிறார். கேட்பவர் மகிழ்ந்து தலையசைக்கிறார். அத்துடன் இப்னு மாஜிதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. செய்யுளிலும் உரைநடையிலுமாகப் பல நூல்கள் யாத்த ஒருவரை, பரங்கியர் ஒருவருக்கு அவர் பயன்பட்டாரா இல்லையா என்பதைக் கொண்டு மட்டும் அளப்பது எத்தகைய அளவுகோல் என்று நாம் கேட்க விரும்புகிறோம்.

அந்த வாக்கியத்தின் அடித்தளமும் உறுதியானதன்று. காமாவின் கலங்கள் 1498 ஏப்ரல் 24-இல் ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியை விட்டுப் புறப்பட்டு, மே 18-இல் மலபார்க் கரையைக் கண்டன. உடன் வந்த மாலுமி குஜராத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் என்றே போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். இப்னு மாஜிதின் பெயரை இதில் கொண்டுவந்து சேர்த்தவர், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலி. அவரும் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. மதுமயக்கத்தில் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று பழியாகவே சொன்னார். நம்மவர்களோ செய்தியின் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டனர்! பிரெஞ்சு அறிஞர் ஃபெர்ரான் இச்செய்தியை ஏற்றுப் பரப்பினார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் அல்காஸிமி இப்பழியைத் துடைப்பதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். இனியேனும் காமாவை ஒதுக்கி வைத்துவிட்டு நூலுக்கு வருவோம்.

நூலின் பெயர் 'கிதாபுல் ஃபவாயித்'. கடற்கலையின் அடிப்படைகளையும் விதிகளையும் பற்றிய பயன்கள் என்பது அதன் முழுப்பெயரின் கருத்து. ஹிஜ்ரி 895, அதாவது 1490-ஐ ஒட்டி முற்றுப்பெற்றது. ஆசிரியர் இன்றைய ராஸல் கைமாவைச் சார்ந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் கடலோடிகள். இதற்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன், 1462-இல், 'ஹாவியா' என்னும் நீண்ட செய்யுள் நூலை அவர் இயற்றியிருந்தார். மனனம் செய்வதற்கு எளிதாக ரஜஸ் யாப்பில் அமைந்தது அது. இளமையில் பாடியதை முதுமையில் விரித்துரைத்தார் எனலாம். பாரிஸ் நகரத்து நூலகத்தில் கிடந்த கைப்படிகளை 1920-களில் ஃபெர்ரான் வெளிக்கொணர்ந்தார். 1971-இல் ஜி. ஆர். டிபெட்ஸ் 'ஃபவாயித்' முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவான விளக்கத்துடன் வெளியிட்டார். நம் வாசிப்பு பெரும்பாலும் அவருக்குக் கடன்பட்டது.

நூல் 12 பகுதிகளாக, 12 'ஃபாயிதா'க்களாக, அமைந்துள்ளது. இதனைக் கடற்பயணக் கதையாக எண்ணிக் கையில் எடுப்பவர் ஏமாறுவர். புயல் இல்லை, கடற்கொள்ளை இல்லை, அதிசயத் தீவு இல்லை. நம் சிறுவர்கள் அறிந்த சிந்துபாதுக்கும் இவருக்கும் யாதொரு உறவுமில்லை. கலம் கரையை விட்டு நீங்குவதற்கு முன் ஒருவன் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும், எவற்றையெல்லாம் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பதே நூலின் பெரும்பகுதி. ஆயத்தத்தின் நூல் இது. நாம் இதனை உயர்ந்த இலக்கியமாகக் கொள்வதற்கு அதுவே காரணம். பெருங்கடலைப் பற்றி எழுதிய எவருடைய உண்மையான தரமும், அவர் அலையை வருணிக்கும் இடத்தில் வெளிப்படுவதில்லை; புறப்படுவதற்கு முந்திய பக்கங்களிலேயே வெளிப்படுகிறது என்பது நம் துணிபு.

முதன்முறை நீண்ட கடலில் செல்ல விழைபவனிடம் இப்னு மாஜித் எதிர்பார்ப்பவை சிறியன அல்ல. சந்திரன் தங்கும் 28 மன்ஸில்களை அவன் அறிந்திருக்க வேண்டும். விண்மீன்கள் உதிக்கும் இடங்களையும் மறையும் இடங்களையும் கொண்டு பெயரிடப்பட்ட 32 திசைகள் தெரிய வேண்டும். துருவமீனின் உயரத்தை விரற்கடைக் கணக்கில் அளக்கத் தெரிய வேண்டும். அவர்கள் 'இஸ்பஃ' என்று வழங்கிய அந்த விரற்கடை இன்றைய கணக்கில் ஒன்றரை பாகைக்குச் சற்று மிகுதி. வழிகள், தொலைவுகள், காற்றுகள், கரை அண்மையில் இருப்பதைக் காட்டும் அடையாளங்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். இந்தியாவின் மேற்குக் கரையை நெருங்கும்போது நீரில் பாம்புகள் தென்படும் என்பது அத்தகைய அடையாளங்களுள் ஒன்று. இருளில் மின்விளக்குக் கோபுரத்தைத் தேடிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அக்கால மாலுமிக்கு அப்பாம்பே விளக்கு.

எட்டாம் ஃபாயிதாவை நாம் மும்முறை படித்தோம். அடையாளங்களோடு கலத்தை நடத்தும் முறைமையும் அதில் பேசப்படுகிறது. கலம் கரையில் இருக்கும்போதே அதனைச் சுற்றி வந்து அதன் குறைகளைக் கண்டறிந்து குறித்து வைத்துக்கொள் என்கிறார். குறையற்ற கலத்தைத் தேடு என்று அவர் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். குறையில்லாத கலம் இவ்வுலகில் இல்லை. தெரிந்த குறை, தெரியாத குறை என்னும் வேறுபாடுதான் உண்டு. உடன் வருபவர்கள் பேசுவதையெல்லாம் காதுகொடுத்துக் கேள். நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளு என்பது மற்றோர் அறிவுரை. கலத்தில் ஏறியவன் இறைவனின் விருந்தாளி. ஆகவே தூய்மையோடும் அவன் நினைவோடும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறார். இதனை எடுத்துக்காட்டுவோர் பலர், குறைகளைக் குறித்து வைக்கும் பகுதியை விட்டுவிடுகின்றனர். அவர் இரண்டையும் ஒரே குரலில், ஒரே தாளில் சொன்னார். தவக்குல் என்பதற்கு அவர் கொண்டிருந்த பொருள் அதிலிருந்து விளங்கும்.

இனி நம் கட்டுரைத் தலைப்புக்கு வருவோம். பதினோராம் ஃபாயிதா பருவங்களைப் பற்றியது. அக்கால மாலுமிகள் நாள்களைப் பாரசீகரின் நவ்ரூஸிலிருந்து எண்ணினர். ஹிஜ்ரி மாதங்கள் பிறையைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்திச் செல்கின்றன. காற்றோ சூரியனைப் பின்பற்றுவது. எனவே நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் ஒரு கணக்கும் கடலுக்கு மற்றொரு கணக்குமாக அவர்கள் வாழ்ந்தனர். கடலோடிகளின் நவ்ரூஸ் இப்னு மாஜிதின் காலத்தில் நவம்பர் நடுவில் வந்தது. இந்தியாவிலிருந்து மேற்கே செல்பவன் எந்த நாளில் புறப்படுகிறான் என்பதை வைத்து அவர் மனிதர்களை நான்கு தரமாகப் பிரிக்கிறார். நூறாம் நாளில் புறப்படுபவன் அறிவுள்ளவன். நூற்றுப் பத்தாம் நாளில் புறப்படுபவனுக்கும் கேடில்லை. நூற்று இருபதாம் நாளென்றால் இயலக்கூடியதன் எல்லையை அவன் இழுத்துப் பார்க்கிறான். நூற்று முப்பதாம் நாளில் பாய் விரிப்பவன் அனுபவமில்லாதவன், அறியாமையால் சூதாடுபவன்.

முதலாமவனுக்கும் நான்காமவனுக்கும் இடையே உள்ளது 30 நாள் மட்டுமே! பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் இறுதிக்கும் இடைப்பட்ட காலம் அது. அதற்குள் வடகிழக்குக் காற்று தளர்ந்துவிடும். பிந்தியவன் நடுக்கடலில் காற்றின்றி நிற்பான், அல்லது எதிர்க்காற்றில் சிக்குவான். அதன் பின் தென்மேற்குப் பருவத்தின் உக்கிரத்தில் இந்திய மேற்குக் கரைத் துறைகள் ஏறத்தாழ 90 நாள் மூடப்பட்டுவிடும். 'கடல் அடைபட்டது' என்றே அவர்கள் சொல்வர். இந்த வரிசையில் வீரனுக்கு இடமில்லாமை நம்மைக் கவர்கிறது. நான்காமவனைத் துணிச்சல்காரன் என்று புகழ ஓர் எளிய கவிஞன் முன்வந்திருப்பான். இப்னு மாஜிதும் கவிஞரே. ஆயினும் அச்சொல்லை அவனுக்கு அவர் வழங்கவில்லை.

காமாவின் பயணமே இதற்கு உரை எழுதியதுபோல் அமைந்தது. கடலறிந்த ஒருவரின் துணையோடு, காற்று வாய்த்த வேளையில், வரும்போது பிடித்த நாள் ஏறத்தாழ 24. திரும்பும்போது அவர் ஆகஸ்டு இறுதியிலேயே கோழிக்கோட்டை விட்டு நீங்கினார். அக்டோபர் 5-இல் அஞ்சதீவிலிருந்து கடலைக் கடக்கத் தொடங்கினார். வடகிழக்குக் காற்று இன்னும் நிலைபெறவில்லை. ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது 1499 ஜனவரி 2-இல். ஏறத்தாழ 3 மாதம்! ஈறு வீங்கும் ஸ்கர்வி நோயால் ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். கலம் செலுத்த ஆள் போதாமல் மூன்று கலங்களுள் ஒன்றைத் தம் கையாலேயே எரித்தனர். வழி காட்டியது யார் என்று வாதிடும் நாம், வழி எப்போது திறக்கும் என்பதைக் கேளாதவருக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பழைய கணக்கு இயந்திர யுகத்துக்குப் பொருந்துமா என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஆங்கிலத்தில் வெளிவந்த இரு நூல்களை அடுத்தடுத்துப் படிக்குமாறு பரிந்துரைப்போம். ஒன்று 1969-இல் வெளியான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'எ வேர்ல்டு ஆஃப் மை ஓன்'. மற்றொன்று 1970-இல் நிக்கோலஸ் டோமலினும் ரான் ஹாலும் எழுதிய 'தி ஸ்ட்ரேஞ்ச் லாஸ்ட் வாயேஜ் ஆஃப் டொனால்டு குரோஹர்ஸ்ட்'. இரண்டும் ஒரே பந்தயத்தைப் பற்றியவை. எங்கும் நில்லாமல் தனியொருவராய் உலகைச் சுற்றிவர வேண்டும் என்று லண்டன் செய்தித்தாள் ஒன்று 1968-இல் அறிவித்த பந்தயம் அது. ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் இடையில் புறப்பட்டாக வேண்டும் என்பது விதி.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் கலம் 32 அடி நீளம். பம்பாயில், நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் இழைத்துக் கட்டியது. அதன் பெயர் 'சுஹைலி'. பாரசீக வளைகுடாவின் அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கிய பெயர். அவரும் அவர் துணைவர்களும் அதன் முதல் நீண்ட பயணத்துக்குப் பம்பாயை விட்டுப் புறப்பட்டது 1965 டிசம்பரில், வடகிழக்குக் காற்று வீசும் நாளில். மஸ்கத் வழியாக ஆப்பிரிக்கக் கரையோரம் இறங்கிச் சென்றனர். இப்னு மாஜித் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டார். பணம் தீர்ந்தபோது டர்பனில் தங்கி உழைத்தனர். அதன் பின்னரே இங்கிலாந்து சேர்ந்தனர். 1968 ஜூன் 14-இல் பந்தயத்துக்குப் புறப்பட்டபோது, அந்தக் கலத்தின் மூட்டு ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். வழியில் அடிப்பலகையின் மூட்டு ஒழுகத் தொடங்கியது. நடுக்கடலில் தாமே நீருக்குள் மூழ்கி, பாய்த்துணியும் செப்புத்தகடும் வைத்து அடைத்தார். இந்நிகழ்ச்சியை அவர் விவரிக்கும் நடை வறண்டது. சுவையற்றது என்றுகூடச் சிலர் சொல்வர். நமக்கு அந்த வறட்சியே பிடித்திருக்கிறது. 1969 ஏப்ரல் 22-இல் அவர் கரை சேர்ந்தார். தனியாக, எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

டொனால்டு குரோஹர்ஸ்ட் அறிவுக்கூர்மை மிக்கவர். மின்னணுக் கருவிகள் செய்பவர். ஆனால் மூன்று உடல் கொண்ட அவருடைய புதிய கலம் முழுமை பெறவில்லை. பந்தயத்தை நிறைவு செய்யாவிடின் கலத்துக்குப் பணம் தந்தவரிடமிருந்து அதனைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஒப்பந்தம் கழுத்தில் கத்தியாய்த் தொங்கியது. விதி அனுமதித்த கடைசி நாளான அக்டோபர் 31-இல் அவர் புறப்பட்டார். புறப்பட்டவுடனே பாய்க்கயிறுகள் சிக்கின. இழுத்து வரப்பட்டு, சரிசெய்துகொண்டு மாலையில் மீண்டும் புறப்பட்டார். வேண்டிய உதிரிப் பொருள்களுள் ஒரு பகுதி கரையிலேயே கிடந்தது. சில வாரங்களிலேயே தென்பெருங்கடலை இக்கலம் தாங்காது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. திரும்பினால் அழிவு, சென்றால் மரணம். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அறிவித்தார். 1969 ஜூலை 10-இல் ஆளற்ற கலம் மட்டும் கண்டெடுக்கப்பட்டது. அவர் குறிப்பேட்டின் கடைசிப் பதிவு ஜூலை 1. வென்றவராகிய நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அக்குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

நூற்று முப்பதாம் நாளின் மனிதனை இப்னு மாஜித் ஒரே சொல்லால் முடித்துவிட்டார். டோமலினும் ஹாலும் அவனுக்கு ஒரு நூல் முழுவதையும் தந்தனர். இரு நூல்களையும் ஒருசேரப் பார்க்கும்போது அரபு ஆசிரியரின் குறை நமக்குப் புலனாகிறது. அவன் ஏன் அந்த நாள் வரை தாமதித்தான்? கடன் கொடுத்தவன் வாசலில் நின்றானா? சரக்கு வந்து சேரவில்லையா? ஊரார் முன் சொல்லிவிட்டோமே என்னும் வெட்கமா? அறியாமையால் மட்டுமே சூதாடுபவர் சிலர். அறிந்தும் ஆடவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுபவர் பலர். இப்னு மாஜித் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்.

அவருடைய வேறு குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. நூலில் ஒழுங்கு போதாது. ஓரிடத்தில் தொடங்கியது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தற்புகழ்ச்சியோ மிகுதி. தமக்கு முன்னோரான முகம்மத் இப்னு ஷாதான், ஸஹ்ல் இப்னு அபான், லைத் இப்னு கஹ்லான் ஆகிய மூவரைக் 'கடல் சிங்கங்கள்' என்று போற்றி, தம்மை நான்காவதாக நிறுத்திக்கொள்கிறார்; அடுத்த மூச்சிலேயே அம்மூவரும் தொகுப்பாளர்களே, பெருங்கடலைக் கண்டவர்கள் அல்லர் என்று தள்ளுகிறார். மாலுமிகள் மூவகையினர் என்பார்: தடுமாறிப் போய் வருபவன் ஒருவன், தான் சென்ற வழியில் வல்லவனாயினும் இறந்ததும் மறக்கப்படுபவன் மற்றொருவன், எல்லாம் அறிந்து, பின்வருவோர்க்கு நூலும் எழுதி வைப்பவன் மூன்றாமவன். அம்மூன்றாமவன் யார் என்று ஊகிக்க வாசகன் சிரமப்பட வேண்டியதில்லை! ஆனால் இந்தத் தற்பெருமைக்கு ஒரு மதிப்பு உண்டு. பாட்டனார் சொன்னதைத் தந்தையார் கடலில் சோதித்தார்; தந்தையார் சொன்னதைத் தாம் சோதித்தார் என்று அவர் எழுதுகிறார். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக ஓர் அளவை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகை மாலுமி நம் கரைக்கு அந்நியரல்லர். மாலுமி என்னும் நம் சொல்லே அரபு 'முஅல்லிம்' என்பதன் திரிபு. கற்பிப்பவர் என்பது அதன் பொருள். சுக்கானும் அரபு வழி வந்ததே. அரபுக் கடல்நூலார் சோழமண்டலத்தாரை 'ஷூலியான்' என்ற பெயரால் அறிந்திருந்தனர். துருவமீனை அளக்கும் பலகை நம் கரையில் இராப்பலகை எனப்பட்டது. பலகையில் கோத்த கயிற்றில் ஊருக்கு ஒரு முடிச்சு; அந்த முடிச்சைப் பல்லிடையில் கவ்விப் பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்தினால், அவ்வூரின் நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டோமா என்பது தெரியும். சோழமண்டலக் கடலோடிகளின் இத்தகைய கருவிகளைப் பற்றி 1850-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் எழுதி வைத்தவர் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர். அந்தக் கயிற்றில் முடிச்சிட்டவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

மற்றொரு மௌனத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். சபர் என்னும் சொல்லின் கனம் நம் கடற்கரையூர்ப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. சபராளியின் பயணம் அவன் கலமேறும் நாளில் தொடங்குவதில்லை; பல மாதங்களுக்கு முன் அவன் வீட்டில் தொடங்குகிறது. 'ஃபவாயித்' அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை. குரோஹர்ஸ்டைப் பற்றிய நூலில் நம்மை உலுக்கியது பொய்க் குறிப்பேடு அன்று. புறப்படுவதற்கு முந்திய இரவைப் பற்றிய பக்கம். கலம் ஆயத்தமாகவில்லை என்று அவர் தம் துணைவியாரிடம் சொல்கிறார். போக வேண்டாம் என்று தாம் தடுக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதைச் சொன்னார் என்பது அவ்வம்மையாருக்குப் பிற்பாடுதான் விளங்குகிறது. அன்று அவர் தடுக்கவில்லை. கணவனின் கனவைக் கலைத்தவள் என்னும் பெயர் தமக்கு வேண்டாம் என்று எண்ணினார்.

உடன் வருபவர்களின் சொல்லையெல்லாம் கேள் என்றார் இப்னு மாஜித். உடன் வராதவர்களின் சொல்லுக்கு அவர் நூலில் ஒரு ஃபாயிதா இல்லை.